மூர் மார்க்கெட் பழைய புக்கு கடை: காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி நாலு நாள் சென்னை போனப்ப உருப்படியா செஞ்ச ஒரே வேலை

2024 ஆகஸ்ட் கடைசி. காலேஜ் திறக்க ஒரு வாரம் கூட இல்ல, அப்பதான் அம்பத்தூர் சித்தி போன் போட்டு "ஹாஸ்டல் போயிட்டேன்னா இனி பொங்கலுக்குத்தான் உன்ன பாக்க முடியும், நாலு நாள் வந்து இருந்துட்டுப் போடி"ன்னு கூப்பிட்டாங்க. அம்மாவுக்கு தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு கிடைக்கல, அதனால என்ன மட்டும் கோவில்பட்டில நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விட்டுட்டு, கைல அஞ்சாயிரம் ரூபா குடுத்து "புக்கு, கால்குலேட்டர், லேப்புக்கு போடுற கோட்டு, பக்கெட்டு எல்லாம் இதுக்குள்ள முடிச்சுக்கோ, சித்திட்ட கேக்காத"ன்னு சொன்னாங்க. நான் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு 7.5 சதவீத கோட்டால நாகர்கோவில்ல அண்ணா யுனிவர்சிட்டியோட உறுப்புக் கல்லூரில மெக்கானிக்கல் கிடைச்சவ. காலேஜ் பீஸும் ஹாஸ்டல் பீஸும் அரசாங்கம் கட்டிடும், ஆனா இந்த மாதிரி சில்லறைச் செலவு இருக்கு பாருங்க, அது நம்ம கைலருந்துதான் போகணும், எங்க வீட்ல அஞ்சாயிரம்ங்கிறது சில்லறை இல்ல.

முத ரெண்டு நாள் எல்லாரும் பாக்குறத பாத்தோம். மெரினா போனோம், கால் நனைச்சோம், சுண்டல் சாப்பிட்டோம். அடுத்த நாள் கிண்டி பக்கம் போயி சர்தார் படேல் ரோட்ல நின்னு அந்த சிவப்பு கட்டடத்த பாத்தேன், 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்ச கிண்டி இஞ்சினியரிங் காலேஜ், ப்ளஸ் டூ முழுக்க என் நோட்டு அட்டைல அந்த பேரைத்தான் எழுதி வச்சிருந்தேன், கட்ஆஃப் எட்டல. கொஞ்ச நேரம் கேட் வாசல்ல நின்னேன், சித்தி ஒன்னும் சொல்லாம கூடவே நின்னாங்க. அங்கருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஒன்பது மாடி, ரெண்டாவது மாடி முழுக்க தமிழ் புக்கு, சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருந்துட்டோம். அத பத்தி எழுதணும்னா தனியா எழுதணும்.

இப்ப எழுத வந்தது மூணாவது நாள் பத்தி. மூணாவது நாள்னு சொன்னாலும் விஷயம் ரெண்டாவது நாள் ராத்திரியே ஆரம்பிச்சிருச்சு, வீட்டுக்கு திரும்புற வழியில ஒரு பெரிய புக்கு கடைல (பேரு வேண்டாம்) ஏறி ஃபர்ஸ்ட் இயர் இஞ்சினியரிங் புக்கு என்ன விலைன்னு கேட்டோம், அவங்க "முழு செட்டு இருக்கு, புக்கு, ட்ராஃப்டர் (போர்டுல மாட்டி படம் வரையிற கருவி), ஷீட் போடுற ட்யூப், கோட்டு எல்லாம் சேத்து 4,650"ன்னு சொல்லி பில் போடவே ஆரம்பிச்சிட்டாங்க. தனித்தனியா குடுங்கன்னு கேட்டா செட்டாத்தான் தருவோம்னு சொல்லிட்டாங்க. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, அந்த காசு போனா மிச்சம் 350 ரூபால பக்கெட்டு, பாய், பெட்ஷீட்டு எப்படி வாங்குறது. சித்தி என் மூஞ்சப் பாத்துட்டு "நாளைக்கு வர்றோம்"னு சொல்லி கூட்டிட்டு வந்துட்டாங்க. வீட்ல சித்தப்பா கேட்டுட்டு "நான் ஐடிஐ படிக்கிறப்ப எல்லா புக்கும் மூர் மார்க்கெட்லதான் வாங்குனேன், காலைல போயிட்டு வாங்க"ன்னு சொன்னார்.

போற வழி சொல்றேன், வெளியூர்லருந்து வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும். ஆவடி, அம்பத்தூர் பக்கத்துலருந்து சென்ட்ரல் போற லோக்கல் ட்ரெயின் ஏறுனா கடைசி ஸ்டாப்பே மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்தான், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஒட்டுனாப்ல இருக்கு, டிக்கெட் பத்து ரூபாய தாண்டல. மெட்ரோல வர்றவங்க சென்ட்ரல்ல இறங்கணும். வெளிய வந்து வெள்ளையா நிக்கிற ரிப்பன் மாளிகைய அடையாளம் வச்சுக்கிட்டு நேரு ஸ்டேடியம் பக்கமா நடந்தா அல்லிக்குளம் வரும், கோர்ட்டும் அங்கதான் இருக்கு, கறுப்பு கோட்டு போட்டவங்க நிறைய பேர் போவாங்க. யார்ட்டயாவது "பழைய புக்கு கடை எங்க"ன்னு கேளுங்க போதும், கைய காட்டிருவாங்க. நாங்க போனது வியாழக்கிழமை பத்தரை மணி, பாதி கடைதான் திறந்திருந்துச்சு, பதினொன்னரைக்கு மேலதான் எல்லா கடையும் திறந்தாங்க. அதனால சீக்கிரம் போயி வெயில்ல நிக்காதீங்க.

கடைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஒவ்வொன்னும் எங்க ஊரு பெட்டிக்கடை சைஸ்தான், தரைலருந்து கூரை வரைக்கும் புக்கு, கடைக்காரர் அதுக்கு நடுவுல ஒரு ஸ்டூல்ல உக்காந்திருப்பார், நாம வெளிய நின்னுதான் கேக்கணும். உள்ள நடந்தா ரெண்டு பக்கமும் "இன்னா புக்குமா, நீட்டா, பேங்க் எக்ஸாமா, சிஏவா"ன்னு கூப்பிடுவாங்க. முதல்ல நின்ன கடைல எல்லா புக்கும் இருக்குன்னு சொல்லி எடுத்துப் போட்டாங்க, அட்டை புதுசா பளபளன்னு இருந்துச்சு, உள்ள பிரிச்சா ஜெராக்ஸ் அடிச்ச மாதிரி எழுத்து மங்கி, படத்துல கோடே தெரியல. அடுத்த கடைல புக்கு ஒரிஜினல், ஆனா விலை புதுசுல கால்வாசி கூட குறைக்கல. மூணாவதா ஒரு வளைவுல உள்வாங்குனாப்ல இருந்த கடைக்கு போனோம், போர்டு கூட கிடையாது, வயசானவர் ஒருத்தர் பைண்டிங் விட்டுப்போன புக்குக்கு கோந்து தடவிட்டு இருந்தார்.

நான் ஊர்ல கூப்பிடுற பழக்கத்துல "அண்ணாச்சி, ஃபர்ஸ்ட் இயர் இஞ்சினியரிங் புக்கு இருக்கா"ன்னு கேட்டுட்டேன். அவர் நிமிந்து பாத்து சிரிச்சார். "அண்ணாச்சின்னா மளிகைக் கடைமா, நான் புக்குக் கடை. எங்க நீ, திர்நெல்வேலியா?" கோவில்பட்டின்னு சொன்னேன். "கடல மிட்டாய் ஊரா, சரி சரி, எந்த காலேஜு, எந்த ரெகுலேஷன்?"

ரெகுலேஷன்னு ஒன்னு இருக்கிறதே எனக்கு அப்ப தெரியாதுங்க. பெரிய கடைல இத பத்தி ஒரு வார்த்தை கேக்கல. இவர்தான் சொன்னார், அண்ணா யுனிவர்சிட்டி கொஞ்ச வருஷத்துக்கு ஒருதரம் சிலபஸ மாத்தும், 2013 ஒன்னு, 2017 ஒன்னு, 2021 ஒன்னு, 2024ல சேர்ற உனக்கு 2021. புக்கு பேரு ஒரே மாதிரி இருக்கும், உள்ள பாடம் மாறியிருக்கும், பேரப் பாத்து வாங்குனா ஏமாந்துருவ, சப்ஜெக்ட் கோடு பாத்துத்தான் வாங்கணும். கோடுல நாலு நம்பர் இருக்கும், முத நம்பர் 6ன்னா 2013, 8ன்னா 2017, 3ன்னா 2021. இத சொல்லிட்டு ரெண்டு மேக்ஸ் புக்க எடுத்து என் கைலயே குடுத்து "நீயே பாரு"ன்னார். ஒன்னு எம்ஏ 8151, இன்னொன்னு எம்ஏ 3151. 8151ல மேட்ரிக்ஸ்னு ஒரு யூனிட்டே இல்ல! எனக்கு முதல் செம்ல முதல் யூனிட்டே அதுதான். பிசிக்ஸும் அதே கதை, பழசுக்கும் புதுசுக்கும் பாதிக்கு மேல ஒட்டாது. கெமிஸ்ட்ரி பழசுல தண்ணி, எரிபொருள் பாடமெல்லாம் இருக்கு, நானோ கெமிஸ்ட்ரி கிடையாது. "ஆனா பைத்தான் மட்டும் பழசே வாங்கிக்கோ, ஜிஇ 8151க்கும் ஜிஇ 3151க்கும் பெருசா ஒன்னும் மாறல, எதுக்கு அதிகம் குடுக்கிற"ன்னு சொன்னார். ஏழாவதோட நின்னவராம், அவரே சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல புள்ளைங்க வந்து இது இல்ல அதுன்னு திருப்பிக் குடுத்து குடுத்தே சிலபஸ் மொத்தமும் அவருக்கு மனப்பாடம் ஆயிருச்சு.

இன்னொன்னும் சொல்லிக் குடுத்தார், இது எல்லாருக்கும் உதவும். அட்டை கிழிஞ்சு கோடு தெரியாம இருந்தா உள்ள பழைய ஸ்டூடண்ட் எழுதி வச்சிருக்கிறத பாக்கணும். "16 மார்க் இம்பார்ட்டண்ட்"னு எழுதியிருந்தா அது 2013 இல்லன்னா அதுக்கும் பழசு, ஏன்னா அதுக்கப்புறம் 13 மார்க்கும் 15 மார்க்கும்தான் கேக்குறாங்க. 13ன்னு இருந்தா மட்டும் உடனே நம்பிறக் கூடாது, 2017லயும் 13தான், அப்ப யூனிட் பேர சிலபஸோட ஒப்பிட்டுப் பாக்கணும். சித்தப்பா முந்தின நாள் ராத்திரி ப்ரவுசிங் சென்டர்ல சிலபஸ் ப்ரிண்ட் எடுத்துக் குடுத்தது நல்லதா போச்சு. நீங்களும் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, அது இல்லாம அங்க போறது அளவு தெரியாம செருப்பு வாங்கப் போற மாதிரி.

அப்புறம் நான் ட்ராஃப்டர் கேட்டேன். கடைக்குள்ள ஆணில நாலஞ்சு தொங்குச்சு, நானும் ஆசையா பாத்தேன், மெக்கானிக்கல்னாலே தோள்ல அது மாட்டிட்டுப் போறதுதானே ஞாபகம் வரும். அவர் சிலபஸ் பேப்பர வாங்கி விரல வச்சுக் காட்டுனார், இஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் ஜிஇ 3251, ரெண்டாவது செமஸ்டர். "இப்ப வாங்காதே மா. ஆறு மாசம் ஹாஸ்டல்ல சும்மா கெடக்கும், ஈரத்துல ஸ்க்ரூ துரு புடிக்கும். நீ போறதுக்குள்ள உன் சீனியருங்க கிராஃபிக்ஸ் முடிச்சிருப்பாங்க, அவங்கட்ட சும்மாவே கெடைக்கும்." நான் சரின்னேன், ஆனாலும் என் மூஞ்சில ஆசை தெரிஞ்சிருக்கும் போல, ஒன்னக் கழட்டி எடுத்து எப்படி பாத்து வாங்கணும்னு சொல்லிக் குடுத்தார். ஒரு பழைய ட்ராயிங் போர்டுல மேல் ஓரத்துல க்ளாம்ப் மாட்டி திருகுனார், தலைய இடது பக்கம் கொண்டு வந்து பென்சில்ல ஒரு கோடு, அப்படியே தலைய திருப்பாம வலது ஓரம் வரைக்கும் நகத்தி அங்க ஒரு கோடு. "ரெண்டு கோட்டுக்கும் நடுவுல மேலயும் அள, கீழயும் அள." அளந்தேன், மேல 40 சென்டிமீட்டர், கீழ 40ம் ரெண்டு மில்லியும். "பாத்தியா, மூட்டு லூசு. இத வச்சு வரைஞ்சா ஷீட்டு முழுக்க சாஞ்சு போவும், சார் கிழிச்சுப் போட்டுருவாரு." அடுத்ததுல சரியா இருந்துச்சு. அந்த ஸ்கேல் ஓரத்துல நகத்த வச்சு தடவிப் பாக்கச் சொன்னார், பிசிறு இருந்தா பென்சில் எகிறும். விக்கப் போறதில்லன்னு தெரிஞ்சும் கால் மணி நேரம் நின்னு சொல்லிக் குடுக்குற கடைக்காரர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

தமிழர் மரபுங்கிற பாடத்துக்கு புக்கு வேணாம்னுட்டார், அது ஒரு க்ரெடிட்தான், நோட்ஸ் போதும். இங்கிலீஷுக்கும் வேணாம். கால்குலேட்டர் அவர்ட்ட பழசு இருந்துச்சு, அதையும் குடுக்கல, "எக்ஸாம் ஹால்ல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ, அது மட்டும் புதுசா வாங்கு"ன்னு சொல்லிட்டார். அப்புறம் பாரிஸ் கார்னர் போய் புதுசு வாங்கிக்கிட்டேன்.

ஆகமொத்தம் வாங்குனது நாலு புக்கு. மேக்ஸ் 130, பிசிக்ஸ் 90, கெமிஸ்ட்ரி 90, பைத்தான் 60, மொத்தம் 370. சித்தி 300 ரூபாய்க்கு பேசுனாங்க, அவர் 350ல நின்னுட்டார், நியாயம்தான்னு எனக்கே தோணுச்சு, சித்தி கைய அமுக்கி போதும்னு சொல்லிட்டேன். 4,650 எங்க, 350 எங்க! கால்குலேட்டர், புது கோட்டு, நோட்டு எல்லாம் சேத்தும் ரெண்டாயிரத்த தாண்டல. அன்னைக்கு சாயங்காலமே பக்கெட்டு, பூட்டு, பெட்ஷீட்டு வாங்கிட்டு மிச்ச காச அப்படியே மடிச்சு வச்சேன். அம்மாட்ட போன்ல சொன்னப்ப ரெண்டு தடவ "நெஜமாவா"ன்னு கேட்டாங்க.

மேக்ஸ் புக்கு பத்தி கொஞ்சம் சொல்லணும். யாரோ ஒரு பொண்ணு படிச்ச புக்கு, கையெழுத்தப் பாத்தா பொண்ணுன்னுதான் தோணுது. கேலி ஹாமில்டன் தியரம் இருக்கிற பக்கத்துல ஓரத்துல குட்டியா "இங்க சைன் விட்ராத"ன்னு பென்சில்ல எழுதி, கீழ ரெண்டு தரம் அடிக்கோடு. மல்டிபிள் இன்டக்ரல்ல ஒரு பக்கம் முழுக்க லிமிட் மாத்துறதுக்கு படம் வரைஞ்சு, வயலட் கலர்ல நிழல் அடிச்சிருக்கா. பின் அட்டைல இன்டர்னல் மார்க் மூணும் எழுதியிருக்கு, முதல்ல 38, அப்புறம் 61, அப்புறம் 84. நான் ட்ரெயின்ல வரும்போது அத பாத்துட்டே வந்தேன். இங்கிலீஷ் மீடியத்துல எப்படி படிக்கப் போறோம்னு எனக்கு உள்ளுக்குள்ள ரொம்ப பயம், அவளும் நிறைய இடத்துல இங்கிலீஷ் வார்த்தைக்கு மேல தமிழ்ல அர்த்தம் எழுதி வச்சிருக்கா, ஐகன் வேல்யூவுக்கு மேல கூட ஏதோ எழுதி அடிச்சு மறுபடி எழுதியிருக்கா. புது புக்குல இதெல்லாம் வருமா சொல்லுங்க.

பில் கிடையாது, கார்டு கிடையாது, ஜிபே இருக்கு. ஆனா ஒரு சீட்டுல கடை நம்பர எழுதிக் குடுத்து "மே மாசம் கொண்டாந்தா பாதி வெல தர்றேன், பேனால கிறுக்காத, பேரு எழுதணும்னா பென்சில்ல எழுது, பேனா பட்டா வெல போயிரும்"னு சொல்லி அனுப்புனார். நான் எல்லா புக்குக்கும் ப்ரவுன் ஷீட் போட்டுட்டேன்.

குறைன்னு சொல்லணும்னா, உக்கார இடம் இல்ல, தூசிக்கு சித்திக்கு தும்மல் நிக்கவே இல்ல, வெயில் நேரத்துல புழுக்கம் தாங்காது, தண்ணி பாட்டில் கொண்டு போங்க. கூட்டமா போகாதீங்க, ரெண்டு பேர் போதும். எல்லா கடையும் இவர் கடை மாதிரி இருக்கும்னு நினைச்சுப் போகாதீங்க, நான் முதல்ல பாத்த கடை மாதிரியும் இருக்கு, அதனால எந்த கடையா இருந்தாலும் நடுவுல பிரிச்சு படம் தெளிவா இருக்கான்னு பாருங்க, பக்கம் விட்டுப் போயிருக்கான்னு ஒவ்வொரு யூனிட் ஆரம்பத்தையும் புரட்டிப் பாருங்க, மொத கடைலயே காச எடுக்காதீங்க. டிப்ளமோ, ஆர்ட்ஸ், நீட், டிஎன்பிஎஸ்சி எல்லாத்துக்கும் புக்கு கிடைக்குது. மெடிக்கல் புக்கும் பாத்தேன், அது பத்தி எனக்கு சொல்லத் தெரியாது. அஞ்சு ஸ்டார் குடுக்கலாம், அந்த கடைக்கு மட்டும்னா யோசிக்காம குடுப்பேன், மார்க்கெட் மொத்தத்துக்கும்னா நாலு.

திரும்பி ஸ்டேஷனுக்கு வரும்போது வாசல்ல ஒரு சின்ன மாடல் கட்டடம் இருந்துச்சு, காலைல அவசரத்துல பாக்காம போயிட்டோம். சிவப்பா, கோபுரம் கோபுரமா. அதுதான் பழைய மூர் மார்க்கெட், 1900ல திறந்தது, இப்ப லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன் இருக்கிற எடத்துலதான் இருந்துச்சாம், 1985 மே மாசம் தீப்பிடிச்சு எல்லாம் போயிருச்சு. கடைல பேசும்போது அவர் சொன்னது அப்பதான் எனக்கு முழுசா புரிஞ்சுது. அவங்க அப்பா கடை அதுக்குள்ள இருந்துச்சாம், தீ அணைச்ச தண்ணில நனைஞ்ச புக்க அள்ளிட்டு வந்து ரோட்டோரமா வெயில்ல ஒவ்வொரு பக்கமா பிரிச்சு காயவச்சாங்களாம், அந்த வருஷத்தோடதான் இவர் ஸ்கூல விட்டார். காஞ்ச புக்குல ஒன்னு இன்னும் வச்சிருக்கார், எனக்கு எடுத்துக் காட்டுனார், ஓரமெல்லாம் பழுப்பேறி பக்கம் நெளிநெளியா, ஏதோ ஒரு லாகரிதம் டேபிள். விலை கேட்டேன், அது விக்கிறதுக்கு இல்லன்னு மறுபடி உள்ள வச்சுட்டார். அந்த மாடல் முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு, இதுல எந்த பக்கம் அவங்க கடை இருந்திருக்கும்னு நானும் சித்தியும் பாத்துட்டு இருந்தோம், அம்பத்தூர் வண்டி ஒன்னு போயிருச்சு.

நாலாவது நாள் சித்தி வீட்ட விட்டு எங்கயும் போகல. பேக் கட்டுனோம், சித்தி முறுக்கு சுட்டுக் குடுத்தாங்க, ராத்திரி எழும்பூர்ல வந்து ட்ரெயின் ஏத்திவிட்டாங்க. இப்ப இத ஹாஸ்டல்லருந்து எழுதுறேன். மொத வாரம் இன்டக்‌ஷன் ப்ரோக்ராம்தான் நடக்குது, க்ளாஸ் இன்னும் ஆரம்பிக்கல, ரூம்ல கூட இருக்கிற புள்ளைங்கல்ல ரெண்டு பேர் ஊர்ல ஒரு கடைல செட்டா வாங்கிட்டு வந்திருக்காங்க, அதுல ஒருத்தி மேக்ஸ் புக்கு 8151. நான் என் புக்குலருந்து மேட்ரிக்ஸ் யூனிட்ட ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கப் போறேன், அந்த வயலட் படத்தோட.

ஜனவரி போல யாராவது அல்லிக்குளம் பக்கம் போனீங்கன்னா ஜிஇ 3251 கிராஃபிக்ஸ் புக்கு என்ன விலைன்னு பாத்து சொல்லுங்க. ட்ராஃப்டர் வேணாம், மூணாவது மாடி அக்கா ஒருத்தங்க தர்றேன்னு சொல்லிட்டாங்க, கோடு போட்டு அளந்து பாத்துட்டேன், சரியா இருக்கு.